வரியாக நெய்த துணி

எமது பழைய மாணவரொருவர் யப்பான் நாட்டிலே தொழில் செய்து வருகின்றார். சென்ற விடுமுறையின்போது அவர் அந்நாட்டின் தென்பாலுள்ள மியாக்கோ தீவுக்குச் சென்று, கையால் நார் பிரித்து, கையால் சாயந் தோய்த்து, கையால் நெய்யப்படும் ஒரு துணியைத் தேடிக் கண்டார். முழுத் துணியை வாங்கும் வசதி அவரிடம் இருக்கவில்லை. எனவே, புத்தகத்தில் அடையாளமாக வைக்கத்தக்க சாண் நீளத் துண்டொன்றை வாங்கி எமக்கு அனுப்பியிருந்தார். கூடவே ஒரு கடிதமும் வந்தது. இத்துணை பழைமையான கலை அழிந்து போகின்றதே, சேர், இளம் பெண்கள் கற்க முன்வருகிறார்களில்லையாம் என்று அதில் அவர் வருந்தியிருந்தார்.

அத்துண்டை மேசைமீது விரித்து நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தோம். ஏறத்தாழக் கருமையென்றே சொல்லத்தக்க நீலம். அதிலே கடுகளவான வெண்சிலுவைகள் வரிசை வரிசையாக அமைந்திருந்தன. இவை நெய்த பின்னர் அச்சிடப்படுவனவல்ல. வெண்மையாக இருக்கவேண்டிய இடங்களை இழையிலேயே இறுகக் கட்டி மறைத்துச் சாயத்தில் தோய்க்கின்றனர். பின்னர், பாவிலுள்ள வெண்புள்ளியும் ஊடிலுள்ள வெண்புள்ளியும் ஒன்றன்மேலொன்று வந்து பொருந்துமாறு இழைகளை ஊசிமுனையால் நகர்த்தி நகர்த்தி நெய்கின்றனர். ஒரு நாளில் முடிவது சில அங்குலமே. சாண் நீளமென்று நாம் எளிதாகக் குறிப்பிட்ட அத்துண்டு ஒருத்தியின் முழு நாளையேனும் தன்னுள் அடக்கியிருக்க வேண்டும்.

மாணவரின் வருத்தத்தில் நாமும் முதலிற் பங்குகொண்டோம். தமிழ் படித்தவனுக்குப் பழைமையின் மீது ஒரு பற்று இயல்பாகவே உண்டு. அப்பற்றை ஒரு குணமாகவும் நாம் கருதி வந்திருக்கின்றோம். ஆயின், அத்துணியின் வரலாற்றைத் தேடிப் படிக்கப் படிக்க, அந்த வருத்தத்தை அவ்வாறே வைத்திருத்தல் எமக்கு இயலாததாயிற்று. அழிகின்றது என்று நாம் வருந்துவது எதனை? அதைக் காப்பாற்ற வேண்டியவர் யார்? யாருடைய முதுகை ஒடித்துக் காப்பாற்றுவது? இவ்வினாக்களே இக்கட்டுரைக்குக் காரணமாயின.

கைத்துணி தேடித் தீவுகளுக்குப் பயணஞ் செய்வது இன்று வசதி படைத்தோரிடையே ஒரு வழக்கமாகிவிட்டது. இந்தோனேசியாவின் சும்பாவுக்கும் சாவுவுக்கும், யப்பானின் ஒக்கினாவாத் தீவுகளுக்கும், ஸ்கொத்லாந்தின் மேற்குத் தீவுகளுக்கும் அவர்கள் செல்கின்றனர். தீவுகளை அவர்கள் விரும்புவதற்குக் காரணம் உண்டு. கடல் ஒரு மதில். அதற்கப்பால் காலம் நின்றுவிட்டது. அங்கே கலப்பற்ற பழைமை இருக்கும் என்பது அவர்களின் எண்ணம். தீவிலே பிறந்து வளர்ந்த எமக்கு இவ்வெண்ணம் சிறிது நகைப்பைத் தருவது. கடல் எக்காலத்திலும் பாதையாகவே இருந்து வந்துள்ளது. கீழைச் சும்பாவில் நெய்யப்படும் ஆடவர் போர்வைகளைப் பார்ப்போர் அவற்றில் குதிரையையும் சேவலையும் கண்டு மகிழ்கின்றனர். அதே போர்வைகளில் ஒல்லாந்தரின் அரசச் சின்னமான சிங்கமும் உண்டு. குசராத்திலிருந்து கப்பலேறிச் சென்ற பட்டோலாத் துணியின் கோலமும் உண்டு. அப்போர்வைகளைத் தரிக்கும் உரிமை ஒரு காலத்தில் உயர்குடியினருக்கே இருந்தது. உயர்குடியினர், பொதுமக்கள், அடிமைகள் என மூன்று படிகளாக அமைந்த சமுதாயம் அது. கலப்பற்ற பழைமையைத் தேடிச் செல்வோர் கண்டு வியக்கும் அழகிலே இந்தப் படிநிலையும் சேர்ந்தே நெய்யப்பட்டிருக்கின்றது.

மியாக்கோவின் கதை இதனினும் தெளிவானது.

ஒக்கினாவாப் பெருந்தீவிலிருந்து தென்மேற்கே ஏறக்குறைய 300 கிலோமீற்றர் தொலைவில் அத்தீவு கிடக்கின்றது. பவளப்பாறை உயர்ந்து உருவான தட்டையான சுண்ணாம்புக்கல் நிலம். சொல்லத்தக்க மலையுமில்லை, ஆறுமில்லை. கல்லின் கீழே ஊறும் நன்னீரை நம்பியே மக்கள் வாழ்ந்து வந்துள்ளனர். யாழ்ப்பாணத்தவருக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை. இந்நிலத்தில் ராமி என்னும் நார்ச்செடி செழித்து வளரும். அதன் தண்டிலிருந்து தோலை உரித்து, காது வடிவான ஒரு கடற்சிப்பியின் ஓட்டினால் சுரண்டி நாரை எடுக்கின்றனர். அந்நாரை நகத்தினாலே மயிரிழையளவாகக் கிழித்து, நுனியோடு நுனியை விரல்களால் முறுக்கி இணைக்கின்றனர். இவ்வேலையைச் செய்வோர் பெரும்பாலும் முதிய பெண்கள். ஓர் ஆடைக்கு வேண்டிய நூலைத் திரட்டவே மாதங்கள் செல்லும். அதன் பின்னரே சாயமும் தறியும். நெய்து முடித்த துணியை மரச் சம்மட்டியால் பல்லாயிரம் முறை அடிக்கின்றனர். மெழுகு பூசியது போன்ற மினுக்கம் அவ்வடியினால் வருவதே.

இத்துணியின் தோற்றம் பற்றி அங்கு ஒரு மரபு வழங்குகின்றது. கப்பற் பயணமொன்றிற் புயல் வீசிச் சுக்கான் பழுதுபட்டபோது, மியாக்கோவைச் சேர்ந்த ஒருவன் கடலிற் குதித்து அதனைச் சீர்செய்து அனைவரையும் காப்பாற்றினான். ரியூக்கியூ மன்னன் அவனுக்குப் பதவியளித்துச் சிறப்பித்தான். அதற்கு நன்றியாக அவனது மனைவி இனாயிசி ஒரு துணியை நெய்து 1583 ஆம் ஆண்டில் மன்னனுக்குக் காணிக்கையாக்கினாள். சுற்றுலாக் கைநூல்கள் இக்கதையை விரும்பிச் சொல்கின்றன. காணிக்கையாகத் தொடங்கியது அரை நூற்றாண்டு கழிந்து சில ஆண்டுகளுக்குள் எவ்வாறு கடமையாயிற்று என்பதை அவ்வளவு விரும்பிச் சொல்வதில்லை.

1609 ஆம் ஆண்டிலே யப்பானின் சத்சுமாப் பிரபுக்கள் ரியூக்கியூ அரசின்மீது படையெடுத்து அதனைப் பணியவைத்தனர். சத்சுமாவுக்குத் திறை செலுத்தவேண்டிய மன்னனது அரசாங்கம் அச்சுமையைத் தூரத்துத் தீவுகளின் தலையில் இறக்கியது. 1637 இல் மியாக்கோவிலும் அதற்கப்பாலுள்ள யாயெயாமாத் தீவுகளிலும் தலைவரி விதிக்கப்பட்டது. 15 வயது முதல் 50 வயது வரையுள்ளோர் அவ்வரிக்கு உட்பட்டனர். ஆண்கள் தானியமாகவும் பெண்கள் துணியாகவும் செலுத்தினர். அத்தீவின் நகரில் இன்றும் ஏறக்குறைய 1.4 மீற்றர் உயரமான கல்லொன்று நிற்கின்றது. அக்கல்லினும் உயர்ந்து வளர்ந்தவர் வரி கொடுக்கவேண்டுமென்று கதை சொல்வர். வயதைக் கொண்டே வரி விதிக்கப்பட்டதாகையால் அக்கதையை வரலாறாகக் கொள்வதற்கில்லை. ஆயினும், பிள்ளை வளர்வதைக் கண்டு அஞ்சிய தாய்மார் இருந்திராவிடில் இவ்வாறான கதை பிறந்திராது என்பது எமது எண்ணம்.

பெண்கள் அதிகாரிகளின் கண்காணிப்பில் நெய்தனர். எதனை நெய்வது என்பதும் அவர்கள் கையில் இருக்கவில்லை. அரண்மனைச் சித்திரக்காரர் வரைந்த கோலங்கள் ஏடுகளாகத் தீவுகளுக்கு அனுப்பப்பட்டன. அவற்றிலுள்ளவாறு நெய்துகொடுப்பதே அவர்களது கடமை. கிராமத்து மக்களின் உள்ளத்திலிருந்து பூத்த கோலங்கள் என்று பயணிகள் கொண்டாடுவனவற்றுட் பல, தலைநகர்க் காரியாலயமொன்றிலிருந்து கட்டளையாக வந்தவை. அவ்வாறு நெய்த துணி கடல் கடந்து யப்பானியப் பெருநகரங்களுக்குச் சென்றபோது அங்கு அதற்கு வழங்கிய பெயர் சத்சுமாத் துணி என்பது. நெய்தவளின் பெயர் கிடக்கட்டும். அவளது தீவின் பெயர்தானும் துணியோடு செல்லவில்லை.

இதன் பின் நிகழ்ந்ததே எம்மைப் பெரிதும் சிந்திக்க வைத்தது. 1879 இல் யப்பானிய அரசு ரியூக்கியூ அரசை ஒழித்து அத்தீவுகளைத் தன் மாகாணமாக்கியது. பிரபுத்துவத்தை ஒழித்து நவீன அரசு அமைத்ததாகப் பெருமை கொண்ட மெய்சி அரசு அது. தலைவரி அன்றே ஒழிந்திருக்க வேண்டுமன்றோ? ஒழியவில்லை. உள்ளூர் மேல்வகுப்பாரின் பகையைத் தேடிக்கொள்ள விரும்பாத அரசு, பழைய ஏற்பாடுகளை உள்ளவாறே விட்டுவைத்தது. வரலாற்றாசிரியர் இதனைப் பழவழக்கம் பேணும் கொள்கையெனக் குறிப்பிடுவர். பேணப்பட்ட வழக்கங்களுள் ஒன்று இந்தத் தலைவரி. 1893 இல் மியாக்கோ விவசாயிகள் இருவரும், அவர்களுக்குத் துணைநின்ற நக்கமுரா யிசாக்கு, குசுக்குமா செயியான் என்னும் வெளியூரார் இருவரும் தோக்கியோவரை சென்று பாராளுமன்றத்தில் முறையிட்டனர். அதற்குப் பின்னரும் ஒரு தசாப்தம் சென்றது. 1903 இலேயே வரி நீங்கியது. 266 ஆண்டுகள்! ஒரு தலைமுறைக்கு 25 ஆண்டு எனக் கொண்டால், தாயிடமிருந்து மகளுக்காகப் பத்துத் தலைமுறைக்கு மேல் இத்தொழில் கைமாறியது. பாரம்பரியம் என்னும் சொல்லை நாம் வகுப்பறையில் எத்தனை முறை உச்சரித்திருப்போம்! அச்சொல்லுக்கு இப்படியும் ஒரு பொருள் உண்டென்று மாணவருக்குச் சொன்னதில்லை.

பேணுதல் என்பதும் அப்படிப்பட்ட சொல்லே. 1978 இல் யப்பானிய அரசு மியாக்கோத் துணியை நாட்டின் முக்கிய கலைச்செல்வங்களுள் ஒன்றாக அறிவித்தது. அது நல்ல செயல் என்பதில் எமக்கு ஐயமில்லை. ஆனால், அதே தீவில், அதே துணியைக் குறித்து, பேணல் என்பதன் பேரால் அரசு முன்னரும் ஒரு காரியம் செய்திருக்கின்றது என்பதை மறந்துவிட்டுக் கைதட்ட எம்மால் இயலவில்லை.

இதனை எங்கோ தூரத்தில் நடந்த கதையென்று கொள்வதற்கும் இடமில்லை. மியாக்கோப் பெண்கள் வரிக்கு நெய்துகொண்டிருந்த அதே நூற்றாண்டிலே, 1658 இல், ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றினர். மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் மணற்பாங்கான நிலத்தில் விளைந்த சாயவேர் அவர்களுக்குப் பெருவருவாய் தரும் பொருளாயிற்று. துணிக்குச் சிவப்பூட்டும் வேர் அது. அதைத் தோண்டி அளந்து கொடுப்பது ஒடுக்கப்பட்ட சாதியினர் மீது சுமத்தப்பட்ட கட்டாய ஊழியம். சோழமண்டலக் கரையின் சாயத் துணிகளை அரும்பொருட்சாலைகளின் கண்ணாடிக்குள்ளே கண்டு வியப்போர் அச்சிவப்பு மங்காதிருப்பதைப் புகழ்வர். வெயிலில் குனிந்து மணலைக் கிளறியவரைப் பற்றி அக்கண்ணாடியின் கீழுள்ள சீட்டில் ஒரு வரியும் இராது.

இவ்விடத்தில் இரு பெரியோரின் கருத்துகளை எதிர்கொள்ளாமற் செல்லுதல் முறையாகாது. ஒருவர், கொழும்பிலே பிறந்து உலகப் புகழ்பெற்ற ஆனந்த குமாரசுவாமி. 1908 இல் அவர் வெளியிட்ட மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய நூல், அரசுக்கும் கோயிலுக்கும் ஆற்றும் சேவைக்கு ஈடாக நிலம் பெற்று, தந்தையின் தொழிலை மகன் தொடர வாழ்ந்த கைவினைஞரின் உலகை மிகுந்த அன்போடு எழுதிக் காட்டியது. மற்றவர் யப்பானியரான யனாகி சொயெத்சு. 1938 இல் முதன்முறையாக ஒக்கினாவா சென்ற அவர் அங்குள்ள துணிகளிலே தமது கொள்கைக்கு உயிருள்ள சான்றைக் கண்டார். பெயரற்ற கைவினைஞன், தான் என்னும் நினைவின்றிப் படைக்கும்போதே உண்மையான அழகு தோன்றும் என்பது அவர் கொள்கை. இருவரையும் நாம் மதிக்கின்றோம். யந்திரம் உமிழ்ந்த மலிவுப் பண்டத்தின் அவலட்சணத்தை இவர்களைப்போல் உணர்ந்தவர் குறைவு. ஆயினும், கைவினைஞனின் நிலைத்த இடத்தைப் புகழ்ந்தவர் அவ்விடத்தை விட்டு அவன் வெளியேற முடிந்ததா என்று போதுமான அளவு கேட்கவில்லை. பெயரின்மையில் பணிவைக் கண்டவர், பெயரைச் சொல்லும் உரிமை அவளுக்கு இருந்ததா என்பதையும் கேட்டிருக்கலாம்.

அப்படியாயின், கட்டாயத்தில் விளைந்த அழகு அழகன்றோ என்று கேட்கலாம். அழகுதான். எமது மேசைமீது கிடந்த துண்டை நாம் வெறுக்கவில்லை. வெறுத்தால், நெய்தவளுக்கு எஞ்சிய ஒன்றையும் பறித்தவராவோம். வரியை விதித்தவன் அரசன். புள்ளியோடு புள்ளி பொருந்திய நுட்பம் அவளுடையது. இறந்தோரின் கையழகைப் போற்றுவதில் எமக்குத் தடையில்லை. சிக்கல், உயிரோடிருப்பவளின் மகளும் அதே தறியில் அமரவேண்டுமென்று நாம் விரும்பும்போது எழுகின்றது. பயணியின் வருத்தத்தினுள்ளே அவ்விருப்பம் ஒளிந்திருக்கின்றது. தன் மகள் மருத்துவம் படிக்க வேண்டும். தீவிலுள்ளவளின் மகள் நார் கிழிக்க வேண்டும்!

வரி ஒழிந்தபின் மியாக்கோவிலே தறிகள் ஓய்ந்துவிடவில்லை என்பதையும் சொல்லவேண்டும். தமக்கென நெய்து விற்கும் உரிமை வந்தபின் அத்தொழில் ஒரு காலம் செழித்தது, கருவிகளும் திருந்தின. அதிகாரி நின்றாலன்றிக் கலை வாழாது என்போருக்கு இது போதிய விடை. பின்னர் போர் வந்தது. வேறு தொழில்களும் வேறு உடைகளும் வந்தன. இன்று ஆண்டொன்றிற்கு நெய்யப்படுவன மிகச் சிலவே. நூல் திரிக்கும் முதியோர் குறைவதே பெருந்தடை என்கின்றனர். விட்டுச்செல்லும் உரிமையோடு ஒருத்தி தறியில் அமர்வாளாயின் அக்கலை அவளுடையது; அவ்வுரிமை இல்லையேல் அது வரி. இவ்வாறு ஒரு கோட்டைக் கீறிக் கட்டுரையை முடித்துவிடலாமென்றே நாம் முதலில் எண்ணியிருந்தோம். எமது தாயாரின் நினைவு அதற்கு இடந்தரவில்லை.

எமது தாயார் திருமணத்துக்கு முன்னும் பின்னுமாகப் பதினொரு ஆண்டுகள் ஒரு நெசவு நிலையத்தில் வேலை செய்தவர். அதிகாரியுமில்லை, தலைவரியுமில்லை. விரும்பினால் நின்றுவிடலாம். ஆனால், நின்றுவிட்டால் அடுப்பெரியாது. சேலை ஒன்றுக்கு இவ்வளவு என்று கூலி. இழை அறுந்து பிழை விழுந்தால் அதிலும் வெட்டு. மியாக்கோப் பெண்ணுக்கு அரசன் விதித்த வரியை எமது தாயாருக்கு வயிறு விதித்தது என்றால் அதை வெறும் அணியென்று தள்ளிவிட முடியாது. விட்டுச்செல்லும் உரிமை என்று நாம் பெரிதாக எழுதியது, செல்ல வேறோர் இடம் உள்ளவனுக்கே உரிமை.

பட்டம் பெற்று ஆசிரியரானபோது, முதல் மாதச் சம்பளத்தில் அவருக்கொரு கைத்தறிச் சேலை வாங்கிச் சென்றோம். நல்ல அரக்கு நிறம். கரையிலே தாமரைக் கொடி. உழைப்பைக் கௌரவிக்கின்றோம் என்ற பெருமிதம் எம்மிடம் நிறைய இருந்தது. தாயார் சேலையை மடியில் வைத்து இருபுறமும் புரட்டிப் பார்த்தார்.

"நல்லா நெய்திருக்கினம். ஆனா உதை உடுத்தா எனக்கு நாரி நோகும், தம்பி."

சேலை பெட்டிக்குள்ளே போயிற்று. அவர் உடுத்துவது தோய்த்துப் போட்டால் ஒரு மணி நேரத்தில் உலர்ந்துவிடும் நைலெக்ஸ் சேலைதான். அப்போது எமக்குக் கோபம் வந்தது என்பதை ஒப்புக்கொள்கின்றோம். ரசனையில்லை என்றுகூட எண்ணினோம். எவருடைய தறி எம்மைப் பல்கலைக்கழகம்வரை அனுப்பியதோ, அவருக்கே தறித்துணியின் அருமையைக் கற்பிக்கப் புறப்பட்ட பேதைமையை எண்ணினால் இன்று வெட்கமாயிருக்கின்றது. எமது சகோதரியைத் தறியண்டை அவர் ஒருநாளும் அழைத்ததில்லை. எங்கள் குடும்பத்திலே ஒரு கைவினை அவரோடு முடிந்தது. அது அழிவா, விடுதலையா? எமது சகோதரி இன்று வைத்தியசாலையொன்றிற் தாதியாக இருக்கின்றார். அவரிடம் இவ்வினாவைக் கேட்டால் சிரிப்பார்.

ஆயினும் அது விடுதலை மட்டுமே என்று சொல்லவும் எமக்குத் துணிவில்லை. பாவு விரிப்பதில், இழை அறுந்த இடத்தைக் கண்ணால் காணாமலே விரலால் அறிவதில் தாயாரிடம் ஓர் அறிவு இருந்தது. அது எந்தப் பாடநூலிலும் ஏறவில்லை. நியாயமான கூலியும், நிமிர்ந்து அமரக்கூடிய தறியும், மகளைப் படிக்கவைக்கும் வருவாயும் அத்தொழிலிற் கிடைத்திருந்தால் அவர் அதனை வெறுத்திருப்பாரா? அவர் வெறுத்தது நெசவையா, அது நடந்த முறையையா? கலை அழிகின்றதென்று புலம்புவோர் பெரும்பாலும் இளையோரின் நாட்டமின்மையைக் குறை கூறுகின்றனர். கணக்கேட்டைத் திறந்து பார்ப்பதில்லை. தீவிலே நெய்தவள் பெற்றது எவ்வளவு, நகரத்துக் கடையில் விற்றது எவ்வளவு, இடையில் நின்றவர் யார் என்பவற்றை விசாரிக்காத இரக்கத்தால் ஒரு தறியும் ஓடப்போவதில்லை. பயணஞ் செய்வோர் செல்லட்டும். அதனை நாம் தடுப்பவரல்லர். செல்பவர், மூலச் சாயந்தானா, பழைய கோலந்தானா என்று துருவித் துருவிக் கேட்பதிற் பாதி நேரத்தையேனும் இதற்குச் செலவிடலாம்.

மாணவருக்குப் பதில் எழுதும் முன்னர், சென்ற வாரம், அத்துண்டை வீட்டுக்குக் கொண்டுசென்று தாயாரிடம் கொடுத்தோம். எந்த ஊரென்றோ, எந்த வரலாறென்றோ சொல்லவில்லை. மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு வாசலிலே வெளிச்சம் விழும் இடத்துக்குச் சென்றார். நகத்தால் இழைகளை எண்ணினார். பின்பக்கத்தைத் திருப்பினார். ஓரிடத்தில் விரலை நிறுத்தி, இங்கே நூல் முடிந்து வேறு நூல் தொடங்குகிறது, பார் என்றார். நாம் எவ்வளவு உற்றுப் பார்த்தும் அந்த இணைப்பு எமக்குத் தெரியவில்லை. சிறிது நேரம் பேசாமலிருந்தார்.

"உதை நெய்தவளுக்கு என்ன குடுத்தவையாம்?"

எமக்குத் தெரியவில்லை. மாணவரின் கடிதத்திலும் அது இருக்கவில்லை. அதைக் கேட்டு எழுதியிருக்கின்றோம்.